பதினோரு பாத்ரூம்களில் ஒரே மாமா

மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கையின் இரண்டாவது மகள், அதாவது வாயில்லாதவள், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே சித்தியின் வலது முட்டியைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் ரத்த அழுத்தத்தைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். இந்தக் கடிதத்தைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு, சாய்வு உள்ள நாற்காலியில் உட்கார்ந்து படிக்கவும். அத்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். அத்தை நடுவில் சிரிப்பார்கள், நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், கடிதம் பாதியில் நின்றுபோகும். உறைக்குள் ஒரு படிவமும் இருக்கிறது. அதை இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டாம். அது கடைசியில்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "என்னம்மா" என்பீர்கள், நான் "ம்" என்பேன். "நல்லா இருக்கியா" என்பீர்கள், அதற்கும் "ம்". "சரி, சித்திகிட்ட குடு" என்பீர்கள். மூன்று வருடமாக நமக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். எனக்கும் என் வாய்க்கும்தான் தகராறு மாமா. கைக்கும் எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நான் கொஞ்சம் வாயாடி என்பது உங்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

விஷயம் அக்காவைப் பற்றியது. அவள் நன்றாக இருக்கிறாள், பயப்பட வேண்டாம். போன மாதம் நன்றாக இல்லை, அதைத்தான் எழுத வந்தேன். அவளைப்போல வேறு நாட்டிலிருந்து இங்கே பட்டப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அவள் கல்லூரியில் தங்கள் பாடத்தோடு ஆங்கிலமும் படித்தாக வேண்டும். நான்கு நிலை. மூன்று நிலைகளை அக்கா எழுத்துத் தேர்விலேயே தாண்டிவிட்டாள், உங்களுக்குத் தெரியும், எழுதுவதில் அவள் புலி. நான்காவது நிலையில் வாய்த் தேர்வு. மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு தடவை தவறினால் பட்டப் படிப்பு இடமே போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அக்கா முதல் தடவை தவறியதை நாங்கள் உங்களிடம் சொல்லவில்லை. மேஜைக்கு முன்னால் போய் நின்று "வணக்கம்" என்று சொல்லிவிட்டு மீதி ஒன்பதே முக்கால் நிமிடமும் தண்ணீர் குடித்தாளாம். அப்போதுதான் எனக்கு அவள் என் சொந்த அக்கா என்பதில் இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மிக உயர்ந்த ஆங்கிலம். முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை இல்லாமல் ஒன்றுமே சொல்லக்கூடாது. அந்தப் பழக்கத்தில் அக்கா வீட்டில் தமிழ் பேசுவதே மாறிப்போனது. ஒரு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து சித்தியிடம் சொல்கிறாள்: "முதலாவது, இதுல உப்பு இல்ல. ரெண்டாவது, சோறு குழைஞ்சிருக்கு. மூணாவது, நேத்தும் இதேதான். ஆகவே எனக்குப் பசிக்கலைங்கிற முடிவுக்கு வர்றேன்." சித்தி, "நானும் ஒரு முடிவுக்கு வந்துட்டேன், தட்டை நீயே கழுவு" என்றார்கள். இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் உலக வெப்பத்தைப் பற்றி நாற்பது வரி எழுதுவார்கள், ஆனால் நம் சலவைக் கடைக்கு வந்து உலர்த்தும் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்க வராது. ஒருவன் சோப்புத் தூள் வாங்க வந்து, சோப்புத் தூளின் நன்மைகள் பற்றி ஒரு பத்தி மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, வாங்காமலே போய்விட்டான்.

நம் கடை உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் போட்டோவில் பார்த்ததற்கும் நேரில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கல்லூரியின் பின்வாசலுக்கு நேர் எதிரே, சலவை மெஷின் எட்டு, உலர்த்தும் மெஷின் ஆறு. நான்காம் நம்பர் மெஷின் சுற்றும்போது மெல்ல நடந்து வாசல் பக்கம் வரும், அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். மூலையில் ஜோடி இல்லாத சாக்ஸ்களுக்கு ஒரு பெட்டி. சித்தப்பா தினம் சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து வரன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பார். கவுண்டரில் நான். மூன்று வருடமாக "இந்தக் கறை போகாது", "செவ்வாய்க்கிழமை வாங்க", "இது உங்க சாக்ஸ் இல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி, மாமா, இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. முன்னுரை முடிவுரை இல்லாத ஆங்கிலம். ஆனால் ஓடும்.

இனி நடந்தது. நான்காம் நிலைப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணை என்று ஒரு ஏற்பாடு. கல்லூரிக்கு வெளியே ஆங்கிலத்தில் வேலை பார்க்கிற ஒருவரோடு வாரம் இரண்டு மணி நேரம் பேசி, தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீதான் ஆங்கிலத்துல வேலை பார்க்குறியே, போடு ஒரு கையெழுத்து" என்றாள். நான் "பேசினா போடறேன்" என்றேன். "ஏய், நாம பேசினோம்னு யாருக்குடி தெரியப்போகுது" என்றாள். "எனக்குத் தெரியும்ல" என்றேன். கையெழுத்து விஷயத்தில் நான் உங்களைக் கொண்டிருக்கிறேன் என்று அம்மா சொல்வார்கள். சரி என்று எதிரெதிரே நின்றோம். அக்கா என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் "உங்கள் ஊரில் வானிலை எப்படி" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து நான்காம் நம்பர் மெஷின் வாசல் தாண்டி நடைபாதைக்குப் போனதுகூடத் தெரியவில்லை.

பேச்சு வராததற்குக் காரணம் முகம்தான் மாமா. எதிரே ஒரு முகம் இருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை கல்லூரி விடுதியின் பெட்ஷீட் அறுபது நமக்கு வரும். பெட்ஷீட்டைத் தனியாள் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, தலைக்கு மேல் தூக்கி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். வழக்கமாகச் சித்தியும் நானும் மடிப்போம். அன்று சித்திக்கு முட்டி. அக்காவைக் கூப்பிட்டேன். பெட்ஷீட்டைத் தூக்கியதும் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் வெள்ளையாக ஒரு சுவர். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஆங்கிலத்தில், "இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா" என்று கேட்டாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னேன். நடந்து வந்து முனை சேர்க்கும்போது ஒரு கேள்வி, திரும்பிப் போகும்போது ஒரு பதில். அறுபது முடிவதற்குள் இரண்டு மணி நேரமும் முடிந்தது. சித்தி இஸ்திரி மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து, "அறுபதும் ஆங்கிலத்துலேயே மடிஞ்சுடுச்சே" என்றார்கள். தாளில் கையெழுத்துப் போட்டேன். தொழில் என்ற இடத்தில் சலவை என்றும், தகுதி என்ற இடத்தில் மூன்று வருடம் என்றும் எழுதினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா வகுப்பிலிருந்து ஒரு நெட்டையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் வெளியே யாரிடமும் பேசப் பயந்து ஒரு மாதமாக ஊமைச் சாடையிலேயே ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தவன். அதற்கடுத்த வாரம் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போடுகிற ஒருவர், கணக்குப் படிக்கிற ஒருத்தி, அப்புறம் எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. முடிவில் அக்காவோடு சேர்த்துப் பதினோரு பேர், ஐந்து நாட்டுக்காரர்கள். விடுதி பெட்ஷீட் பேச்சுக்குப் போதவில்லை என்றால் மடித்ததை உதறித் திரும்ப மடிப்போம். நெட்டையன் பெட்ஷீட்டைத் தூக்கினால் அது கூரையை இடிக்கும். அதனால் அவன் மண்டியிட்டுத்தான் மடிப்பான். சித்திக்கு ஒரே சந்தோஷம். "இந்தக் கல்லூரி நாலு நிலையோட நிறுத்தியிருக்கக் கூடாது, எட்டா வச்சிருக்கணும்" என்று சித்தப்பாவிடம் சொன்னார்கள்.

இப்போது மாத்திரை போட்டிருக்கிறீர்களா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளவும்.

வாய்த் தேர்வுக்குத் தலைப்பு முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள்: உங்கள் குடும்பத்தில் நடந்த, மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சி. பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாரும், மாதிரிக்கு நீ ஒன்று சொல்லு, நீ ஒன்று சொல்லு என்றார்கள். என்னிடம் சொல்வதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சிதான் உண்டு மாமா. உங்கள் பணி ஓய்வு நாள். அதைப் பற்றி இந்த வீட்டில் இனி யாராவது வாயெடுத்தால் நான் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நான் மறக்கவில்லை. தமிழில் ஒரு வார்த்தைகூட வாயெடுக்கவில்லை. ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எவ்வளவு சரியாகச் சொன்னேன் என்பதற்காக அதை இங்கே சுருக்கி எழுதுகிறேன், குறை இருந்தால் திருத்தவும். பத்து மணிக்கு விழா. ஒன்பதரைக்கு நீங்கள் பேச்சு எழுதிய தாளோடு பின்கட்டு பாத்ரூமுக்குள் போனீர்கள், குளிக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்ள. பிறகு கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்து இழுத்தீர்கள், வெளியே இருந்து அம்மா இழுத்தார்கள், ஈரத்தில் மரம் ஊதிப்போய் இறுகிவிட்டிருந்தது. உங்களை அழைத்துப் போக வந்த அலுவலகத்தார் பதினாறு பேரும் பின்கட்டுக்கு வந்தார்கள். மேலாளருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு கூட்டம் என்பதால் விழாவைப் பாத்ரூம் வாசலிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் கதவைப் பார்த்து உங்களைப் புகழ்ந்தார். நீங்கள் உள்ளே இருந்து முழுப் பேச்சையும் பேசினீர்கள். அந்தச் சுவர்களில் உங்கள் குரல் அப்படி முழங்கியது, முப்பது வருடத்தில் சார் இவ்வளவு தெளிவாப் பேசிக் கேட்டதில்லை என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நினைவுப் பரிசுக் கடிகாரத்தை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, காலிப் பெட்டியைக் கதவடியில் வைத்துவிட்டு, கடிகாரத்தை வென்டிலேட்டர் வழியாக உள்ளே கொடுத்தார்கள். அதன் ஓரம் அப்போது உடைந்ததுதான். அதற்குப் பிறகு நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே இருந்து மணி சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பதினொன்றரைக்குத் தச்சர் வந்து ஏணி போட்டு ஏறினார், எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம், இறங்கி நிலையில் இரண்டு தட்டுத் தட்டினார், கதவு தானாகத் திறந்தது. துண்டோடும் கடிகாரத்தோடும் நீங்கள் வெளியே வந்ததும் பதினாறு பேரும் கை தட்டினார்கள். நானும் அந்த அட்டைப் பெட்டி பக்கத்திலேயே நின்று கை தட்டினேன். அந்தத் தச்சரைக் கைராசிக்காரர் என்று நீங்கள் இன்றுவரை ஊரெல்லாம் சிபாரிசு செய்கிறீர்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இதைப் பெட்ஷீட் மடிக்க மடிக்கச் சொன்னேன். முதல் முறை முழுக்கச் சொன்னபோது அக்கா தன் இரண்டு முனையையும் கீழே போட்டுவிட்டாள். ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரே குஷி. ஆளாளுக்குத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கதவு, ஏணி, கடிகாரம், பேச்சு, தச்சர் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் அவர்கள் வாயில் நன்றாகப் பதிந்துவிட்டது. அவரவருக்குச் சொந்தமாக நிகழ்ச்சி இல்லாமல் இல்லை. நெட்டையனின் பெரியப்பா ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வந்தவர். ஆனால் ஆற்றுக்கு வேண்டிய சொற்களை அவன் என்னிடம் பழகவில்லையே.

தேர்வு நாளன்று நெட்டையன்தான் முதலில் உள்ளே போனான். மேஜை, மூன்று முகம், கையில் பிடிக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் ஜன்னல் திரை தொங்கியதாம், அதன் முனையைப் பிடித்துக்கொண்டானாம். பிடித்ததும் வாயிலிருந்து வந்தது ஆறு இல்லை, நீங்கள். "என் மாமா ஒரு நாள் பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டார்" என்று ஆரம்பித்து, பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசி முடித்தான். தேர்வாளர்கள் மிகவும் ரசித்தார்கள். இரண்டாவதாகப் போன கணக்குக்காரியும் திரையைப் பிடித்துக்கொண்டு, தன் மாமா சரியாக நூற்றிருபது நிமிடம் பாத்ரூமில் இருந்தார் என்றாள். தேர்வாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். மூன்று ஸ்வெட்டர்காரர் நாட்டில் பாத்ரூம் கதவு அப்படி மாட்டாதோ என்னவோ, அவர் உங்களை லிஃப்டுக்குள் வைத்தார், ஆனால் கடிகாரம் மட்டும் வென்டிலேட்டர் வழியாகத்தான் வந்தது. ஏழாவது மாமா மாட்டியபோது ஒரு தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அக்கா ஒன்பதாவது. உள்ளே போய்த் திரையைப் பிடித்து "என் மாமா" என்றாள். பேச்சு டீச்சர், அதாவது அந்த வகுப்பை எடுக்கிறவர், "போதும், உட்காருங்கள்" என்றார். அக்கா, "மேடம், அவர் நிஜமாகவே என் மாமா" என்றாள். அவர், "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். எட்டுப் பேர் உங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், சொந்தக்காரிக்குத்தான் முதல் பூஜ்யம்.

பதினோரு பேர் முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரே நாளில், பதினோரு பாத்ரூமில், ஒரே மாமா. கூட்டாகக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று விசாரணை. அக்காவுக்கு இது இரண்டாவது தடவை. தவறு என்று முடிவானால் அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவள் அழவில்லை. கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்து, புத்தகங்களை அடியிலும் துணிகளை மேலேயும் அடுக்க ஆரம்பித்தாள். நான் மடித்துக்கொடுத்த துணிகள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. விசாரணைக்குழு பேச்சுத் துணைத் தாள்களை எடுத்துப் பார்த்தால், பதினொன்றிலும் ஒரே கையெழுத்து, தொழில் சலவை, தகுதி மூன்று வருடம். எனக்கு ஆள் வந்தது, வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று.

சித்தி, "நீ சும்மா போய் நில்லு, பேச வேண்டாம். பச்சப் புள்ளைன்னு பார்த்தாலே தெரிஞ்சுடும்" என்றார்கள். "நான் பேசலைன்னா அக்கா கிளம்பணும் சித்தி" என்றேன். "பேசிடுவியா" என்றார்கள். சித்தப்பா சாக்ஸ் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "போறப்ப ஒரு பெட்ஷீட்டை எடுத்துட்டுப் போம்மா" என்றார். வாழ்க்கையில் அவர் கொடுத்த ஒரே யோசனை, அது பலித்தும்விட்டது.

இரட்டைக் கட்டில் அளவில், வெள்ளை, ஓரம் தைத்தது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நீள மேஜை, தண்ணீர்க் கூஜா, மூன்று நாற்காலி, நடுவில் துறைத் தலைவர், வலப்பக்கம் பேச்சு டீச்சர், இடப்பக்கம் குறிப்பு எழுதுகிறவர். சுவரோரம் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். துறைத் தலைவர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு அவர் மூக்குக் கண்ணாடியில் நான் இரண்டு பேராகத் தெரிந்தேன், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். திரும்பக் கேட்டார். சரி, இனிமேல் மானம் என்ன வெட்கம் என்ன என்று பெட்ஷீட்டை உதறினேன், இரண்டு முனையைக் கொண்டுபோய்ப் பேச்சு டீச்சர் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டார். முனையைக் கையில் கொடுத்தால் யாரும் வாங்கிக்கொள்வார்கள் மாமா, அது மனித இயல்பு. பின்னால் நடந்து இழுத்துத் தூக்கினேன். மேஜை மறைந்தது, மூக்குக் கண்ணாடி மறைந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

இவர்கள் யாரும் காப்பியடிக்கவில்லை, என்னிடம் ஒரே ஒரு கதை இருந்தது, அதைப் பதினோரு பேருக்கும் கொடுத்தேன், கடையில் ஒரே சோப்பு இருந்தால் எல்லார் துணியிலும் ஒரே வாசனைதான் வரும் என்றேன். முனை சேர்த்தோம். இவர்கள் இரண்டு மாதத்துக்கு முன் ரொட்டி வாங்க வாயில்லாதவர்கள், இப்போது பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினார்கள், அதைத்தானே நீங்கள் பரிசோதித்தீர்கள் என்றேன். நான்காக மடித்தோம். வேறு எதைக் கேட்டாலும் சொல்வார்கள், பிடித்துக்கொள்ள ஒரு துணி மட்டும் கொடுங்கள் என்றேன். எட்டாக மடித்து அவர் கையில் வைத்தேன். அதற்குமேல் சுவர் இல்லை. ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியிருந்தேன். துறைத் தலைவர், "அந்த மாமா என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா" என்று கேட்டார். "இருக்கிறார். ரத்த அழுத்தம் மட்டும்" என்றேன். அக்கா ஓடிவந்து போனில் உங்கள் போட்டோவைக் காட்டினாள், கூடத்தில் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நீங்கள் விறைப்பாக நிற்கிறீர்களே, அது. கடிகாரத்தின் உடைந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூன்று பேரும் பார்த்தார்கள். பிறகு பேச்சு டீச்சர் என்னைப் பார்த்து, "கதையின் முடிவு? அதுவும் நிஜமா" என்று மெதுவாகக் கேட்டார். "அதுதான் ரொம்ப நிஜம்" என்றேன்.

உங்கள் போட்டோவின் ஒரு நகல் இப்போது கல்லூரி ஆவணத்தில் இருக்கிறது. விறைப்பாக வந்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள்.

மறுநாள் பதினோரு பேருக்கும் திரும்பத் தேர்வு வைத்தார்கள். தலைப்பைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள், மாமா கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், பிடித்துக்கொள்ள மேஜை விரிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். பத்துப் பேர் தேறினார்கள். மூன்று ஸ்வெட்டர்காரர் மட்டும் பத்து நிமிடத்தில் நிறுத்தத் தெரியாமல் அரை மணி நேரம் பேசியதால் இன்னொரு முறை பேச வேண்டும். அக்காவுக்கு வந்த தலைப்பு, வீட்டில் பயன்படுகிற ஒரு பொருள். மாமா கூடாது என்றார்களே தவிர கடிகாரம் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எண்பத்தொரு மதிப்பெண். பெட்டி திரும்பக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை, அக்கா ஒரு முடிவுக்கும் வராமல் சாப்பிட்டாள்.

இப்போது படிவத்தை எடுக்கலாம்.

பேச்சு டீச்சர் போன செவ்வாய்க்கிழமை தன் திரைச்சீலைகளைச் சலவைக்குக் கொண்டுவந்தார். கவுண்டரில் என்னிடம், எத்தனையாவது வரை படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். அதற்கு நீங்கள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று அழுகிறேன் என்று டீச்சர் மூன்றாவது முறையாக உங்களைக் கூப்பிட்டுச் சொன்னபோது நீங்கள் சொன்னீர்களே, "வாயில்லாத புள்ளைக்குப் படிப்பு எதுக்கு? டீச்சர் கேட்டா யாரு பதில் சொல்லுவா, நானா?" என்று. அவர் திரைச்சீலைகளை வைத்துவிட்டு நேரே கல்லூரிக்குப் போனார். பிறகு இந்தப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்தக் கல்லூரியிலேயே மாலை வகுப்பு. இரண்டு வருடம், பள்ளிப் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்து. முடித்தால் அக்காவைப்போல நானும் பட்டப் படிப்புக்கு வரிசையில் நிற்கலாம், நான்கு நிலையும் ஏறலாம். பகலில் கடை, மாலையில் வகுப்பு, செவ்வாய்க்கிழமை மட்டும் பெட்ஷீட்டுக்காக விடுப்பு என்று சித்தி பேசி வைத்துவிட்டார்கள். எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் எட்டு மாதம். அதனால் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லாக் கையெழுத்தும் நீங்கள்தான். பள்ளியிலிருந்து நிறுத்தும் தாளில் போட்டதும் நீங்கள்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேனாவும் அதுதான், கையும் அதுதான் என்று மட்டும் சொல்கிறேன். நான் தேறிவிடுவேன் மாமா. இதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை.

அத்தையின் தோள் வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் போதும் என்று சித்தி சொல்லச் சொன்னார்கள். அம்மாவிடம் நான் முன்பைவிடச் சதை போட்டிருப்பதாகச் சொல்லவும், அது பொய் என்றாலும். நெட்டையன் முதல் கணக்குக்காரி வரை எல்லாரும் உங்களை மிகவும் விசாரித்தார்கள், தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வோம் என்றார்கள். நீங்கள் நூறு வயது, எல்லாக் கதவும் தொட்டவுடன் திறக்க, நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் ஆசியை எதிர்பார்த்து,
வாயில்லாதவளாக இருந்தவள்.

பி.கு.: மேலே ஓரிடத்தில், ஈரத்தில் மரம் ஊதிப்போய் இறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். அது தச்சர் சொன்னது. மரம் ஊதவில்லை மாமா. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சின்னத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது, போகிற வருகிற போதெல்லாம் அதைத் தள்ளிவிடு என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை, நீங்கள் உள்ளே மனதுக்குள் பேச்சைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் போகிற போக்கில் கால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். கதவு திறக்காத பதற்றத்தில் அம்மாவுக்கும் அந்தத் தாழ்ப்பாள் நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்து திரும்பி வந்தால், அதை மறைத்து அட்டைப் பெட்டி, சுற்றிலும் பதினாறு பேர், உள்ளே இருந்து நீங்கள் மணி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. தச்சர் ஏணியில் ஏறி எல்லாரும் அண்ணாந்து பார்த்த நேரத்தில் பெட்டியை நகர்த்தி, அதே விரலால் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் முதலில் அதுதான் விழும் என்று பயந்தே எங்கேயும் திறக்கவில்லை, வகுப்பில் வாசிக்கவும்தான். ஆங்கிலத்தில் எளிதாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நீங்கள் இல்லை. அக்கா பெட்ஷீட்டைக் கீழே போட்டது அதைக் கேட்டுத்தான். அக்காவுக்கு முன்னால் போன எட்டுப் பேரும் தேர்வில் கதையை "தாழ்ப்பாள் போட்டது நான்தான், என் மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றுதான் முடித்தார்கள். இப்போது சொல்லிவிட்டேன். தச்சரிடம் மட்டும் சொல்ல வேண்டாம், அந்தக் கதவை வைத்துத்தான் அவருக்குத் தொழிலே நடக்கிறது. கோபம் தணிய எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்துக்குக் கடைசித் தேதி அடுத்த மாதம் பத்து.